பாவும் இல்லை, ஊடையும் இல்லை

ஏகாம்பரக்குப்பத்தில் எங்கள் மாமாவுக்கு நான்கு விசைத்தறி. ஊர் ஆந்திராவில் இருந்தாலும் தறிக்கொட்டகைக்குள் தமிழ்தான், வாசலில் கரண்ட் பில்லோடு யாராவது வந்து நின்றால் தெலுங்கு. 2020-ல் லுங்கி வியாபாரம் படுத்துக் கிடந்தபோது மாமி கட்பீஸ்களை வைத்து முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். நான் மெடிக்கலில் வாங்கிப் போயிருந்த நீல மூன்றடுக்கு மாஸ்க் ஒன்றை மாமா கத்தரியால் பிரித்தார். நாற்பது வருடம் நூலைத் தொட்ட கை, முதலில் ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து உருவப் பார்த்தது. வரவில்லை. நடு அடுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், டிஷ்யூ பேப்பர் மாதிரி வெள்ளையாக, மெத்தென்று, பிய்த்தால் பிய்ந்துவிடுகிற ஒன்று. "இன்னாடா இது, பாவும் இல்ல, ஊடையும் இல்ல, இதுக்குப் பேரு துணியா?"

அந்த மாஸ்க்கில் உண்மையான வேலையைச் செய்வது அந்தச் சவலை அடுக்குதான். முன்னும் பின்னும் இருக்கிற இரண்டும் அதைக் காப்பாற்ற வந்தவை.

நெசவின் அழகே ஒழுங்கு. பாவு நேராக ஓடும், ஊடை குறுக்கே ஓடும், இரண்டும் சேர்கிற இடமெல்லாம் ஒரே அளவுச் சதுரம். 40-ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்கு 60 இழை போட்டு நெய்தால், ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி நிற்கும். அதாவது 250 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்). கஞ்சி, நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடி, இதெல்லாம் கொஞ்சம் அடைக்கும், சரி. ஆனால் காற்று எப்போதும் தடை குறைந்த வழியைத்தான் தேடும், அந்தச் சதுரங்கள் வழியாகவே ஓடிவிடும்.

தறிக்காரர்கள் மூக்கில் துண்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் அவிழ்த்தால் துண்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். "பாரு, எவ்வளவு புடிச்சிருக்கு" என்று திருப்தியாக உதறுவார்கள். அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற பஞ்சை மூக்கு முடியே பிடித்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது சில மைக்ரான் அளவுள்ள தூள், அதைத் துண்டு பெரும்பாலும் விட்டுவிடும். பஞ்சுத் தூசால் வருகிற பிசினோசிஸ் என்ற மார்பு நோய்க்குப் பழைய மில் ஊர்களில் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு அதிகமாக இறுக்கும். மில்லில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் பிரிவுகளில் ஆபத்து அதிகம், தறியில் அவ்வளவு இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

நெய்த துணி வடிகட்டவே லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. பிடிக்க வேண்டியது பெரிதாக இருந்தால் போதும். வங்காளதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவர் குழுவும் பழைய பருத்திப் புடவையை நாலாகவும் எட்டாகவும் மடித்துக் குடத்தின் வாயில் கட்டிக் குளத்துத் தண்ணீரை வடிக்கச் சொன்னார்கள். 65 கிராமங்கள். 2003-ல் முடிவு வெளியானது, காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி ஒன்றிரண்டு மைக்ரான்தான், புடவைக்குள் சுலபமாகப் போய்விடும், ஆனால் அது தண்ணீரில் இருக்கும் பொடி இறால் போன்ற மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. மடித்த புடவையின் ஓட்டை சுமார் 20 மைக்ரான், வண்டி மாட்டிக்கொள்கிறது, பயணிகளும் கூடவே. புதுப் புடவையைவிடப் பழைய புடவை நன்றாக வேலை செய்தது, துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து ஓட்டைகளை அடைத்துவிடுகிறதாம். மாமிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, அந்த வெள்ளை அடுக்குக்கு வருவோம். அதிலுள்ள இடைவெளிகளும் பத்து, இருபது மைக்ரான் இருக்கும். ஆனால் 0.3 மைக்ரான் துகளைக்கூடப் பிடிக்கிறது. ஆளைவிட முப்பது மடங்கு பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஆளைப் பிடிப்பது எப்படி? சல்லடை என்ற எண்ணத்தை இங்கே கைவிட வேண்டும். இது ஒரு காடு. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் தாறுமாறாகப் படுத்திருக்கின்றன, காற்று அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும், துகள் ஏதாவது ஓர் இழையைத் தொட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. அந்த அளவில் எல்லாமே பசைதான், பல்லியைச் சுவரில் ஒட்ட வைக்கிற வாண்டர்வால்ஸ் விசையே துகளையும் இழையில் ஒட்ட வைக்கிறது. உதறினாலும் வராது.

எப்படித் தொடுகிறது என்பது துகளின் பருமனைப் பொறுத்தது. பெரிய துகள், பள்ளிப்பட்டு ரோட்டில் பாரம் ஏற்றிய கரும்பு டிராக்டர் மாதிரி, காற்று வளைந்தாலும் அதனால் சட்டென்று வளைய முடியாது, நேராகப் போய் இழையில் மோதும். கொஞ்சம் சின்னது காற்றோடு வளைந்துவிடும், ஆனால் போகிற போக்கில் இழையின் விலாவில் உரசி மாட்டும். மிகச் சின்னது, 0.1 மைக்ரானும் அதற்குக் கீழேயும், வேறு மாதிரி. திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கையை விட்ட குழந்தையைப் போல, காற்று மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிக்க இடிக்க அது நேராகவே போகாது. பிரௌனியன் அசைவு என்று பெயர், 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்ட அதே அசைவு. இப்படி அலைகிற துகள் வழியில் ஏதாவது ஓர் இழையை முட்டாமல் வெளியே வருவது கடினம். அப்புறம், சிறிதாகச் சிறிதாக அலைச்சலும் கூடும்.

ஆக, தப்பிப்பது நடுவில் உள்ளவை. மோதும் அளவுக்குப் பாரமில்லை, அலையும் அளவுக்கு லேசுமில்லை. சாதாரண இழை வடிகட்டிகளில் அந்தக் கெட்டிக்காரத் துகளின் அளவு கிட்டத்தட்ட 0.3 மைக்ரான். என்95 என்ற மாஸ்க்கின் பெயரில் 95 என்பது, இந்தப் பிடிக்கக் கடினமான அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது நிற்க வேண்டும் என்ற நிபந்தனை. "வைரஸ் 0.1 மைக்ரான், மாஸ்க் 0.3-தான் பிடிக்கும், அப்ப எதுக்கு மாஸ்க்" என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதே, நான்கூட இரண்டு பேருக்கு அனுப்பினேன், வெட்கமாக இருக்கிறது. 0.3 என்பது கீழ் எல்லை இல்லை, பரீட்சையின் கஷ்டமான கேள்வி.

இதெல்லாம் நடக்க இழை மெல்லியதாக இருக்க வேண்டும். எவ்வளவு மெல்லியது என்பதை மாமாவுக்கு அவர் கணக்கிலேயே சொன்னேன். ஒரு சிட்டம் (நூல் கட்டு) 840 கெஜம். ஒரு பவுண்டில் 40 சிட்டம் நின்றால் அது 40-ஆம் நம்பர். அதைக் கிராமுக்கு மாற்றினால், ஒரு கிராம் நூல் 68 மீட்டர் நீளம். நூல் என்பது பல பஞ்சிழைகளின் முறுக்கு என்பதால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது, தனித்தனிப் பஞ்சிழையாகப் பிரித்து முனையோடு முனை வைத்தால் ஒரு கிராம் ஆறு கிலோமீட்டர் சொச்சம் போகும். மாஸ்க்கின் நடு அடுக்கில் இருப்பது பாலிப்ரொப்பிலீன், அதே அரிசி மூட்டைச் சாக்கின் பிளாஸ்டிக். அதன் இழை 1 முதல் 5 மைக்ரான். 2 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கிராம் 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பெங்களூர். பருமனைப் பத்தில் ஒன்றாக்கினால் அதே எடையில் நீளம் நூறு மடங்காகும் என்பதால்தான் இப்படி. துகளுக்கு முட்டிக்கொள்ள அவ்வளவு கம்பி!

இதை நூற்க முடியாது. ஊதித்தான் செய்கிறார்கள், மெல்ட்புளோன் என்று பெயர். பிளாஸ்டிக்கை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, இடியாப்ப அச்சு மாதிரி வரிசையாக நுண்துளைகள் உள்ள ஓர் அச்சின் வழியாகத் தள்ள வேண்டும். துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது, இருந்தாலும் வெளிவருகிற இழை நமக்கு வேண்டியதைவிட நூறு மடங்குக்கு மேல் தடிமன். வித்தை அதற்குப் பிறகுதான். துளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் சூடான காற்று பயங்கர வேகத்தில் பீறிட்டு, உருகிய இழை ஆறுவதற்குள் அதை இழுத்து இழுத்துச் சிலந்தி நூலாக்கிவிடும். அது பறந்து போய் எதிரே ஓடும் வலைப் பட்டையில் படியும், இன்னும் கொஞ்சம் சூடாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுகிறவரைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். பாவும் ஊடையும் இல்லாததற்குக் காரணம் இதுதான், இழை எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கிறது, அந்தத் தாறுமாறுதான் காற்றை வளைய வைக்கிறது.

தொடக்கம் பனிப்போர்க் காலத்தின் மிச்சம். 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வான் வென்ட் என்பவர், அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசை உயர வானில் பிடிக்கும் வடிகட்டிக்காக இந்த ஊதும் முறையைச் செய்து பார்த்தார். பிறகு எக்ஸான் எண்ணெய் நிறுவனம் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது. இதைவிட மெல்லிய நானோ இழையை மின்புலத்தால் இழுத்துச் செய்யும் வழிக்கு 1934-லேயே ஆன்டன் ஃபார்மால்ஸ் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் அது மெதுவான வேலை.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுக்கைக் கெட்டியாக்கினால் எல்லாம் பிடிக்கும், மூச்சும் விட முடியாது. வழி, மின்னூட்டம். வறண்ட நாளில் சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்கின் பக்கம் கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டுமே, அதேதான். காகிதத்தில் மின்னூட்டம் இல்லாவிட்டாலும் இழுபடும், தூசும் அப்படியே. 1930-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஹான்சன் என்பவர் கம்பளியில் ரெசின் தூளைச் சேர்த்து உரசவிட்டு இப்படியொரு வடிகட்டி செய்தார். இன்றைய முறையில், ஊதிய அடுக்கை ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ள கம்பியின் கீழ் ஓட்டுகிறார்கள். காற்று அயனியாகி (மின்னூட்டம் பெற்று), அந்த மின்னூட்டம் இழைக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது, பாலிப்ரொப்பிலீன் மின்சாரத்தைக் கடத்தாத பிடிவாதக்காரன் என்பதால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். இதில் பெரிய கை, தைவானில் பிறந்து டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பீட்டர் சாய், 1990-களில் காப்புரிமை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த மனிதர், 2020-ல் மாஸ்க் தட்டுப்பாடு வந்தபோது திரும்ப உட்கார்ந்து, எப்படிச் சுத்தம் செய்தால் மின்னூட்டம் போகாது என்று பார்த்தார். 70 டிகிரி உலர் சூடு பரவாயில்லை. சோப்பும் ஆல்கஹாலும் கூடாது.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தி தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் மாமி ஐந்து என்95-ஐ வாஷிங் பவுடரில் ஊற வைத்து, கும்மி, கொடியில் காயப் போட்டுவிட்டார். பார்க்கப் புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தன. இழை இருந்தது, காடு இருந்தது, மின்னூட்டம்தான் போயிருந்தது, அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

மாமா இப்போது தறிக்கு மாஸ்க் போடுகிறாரா என்றால், போடுகிறார், மீசைக்கு மேலே இடைவெளி விட்டு. அந்த இடைவெளிக்குள் எந்த விஞ்ஞானமும் வேலை செய்யாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் போன மாதம் ஆர்ஓ மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்த பையன் கழற்றிப்போட்ட வெள்ளை உருளையை, ஸ்பன் ஃபில்டர் என்கிறார்களே அதை, அவர் தூக்கிப் போட விடவில்லை. அதுவும் ஊதிய பாலிப்ரொப்பிலீன்தான், வெளியே தளர்வாக, உள்ளே போகப் போக நெருக்கமாக. தண்ணீரில் மின்னூட்ட வித்தை எடுபடாது, இந்த நெருக்கத்தை நம்பித்தான் பிழைப்பு. பிளேடால் நீளவாக்கில் கீறி, ஏடு ஏடாக உரித்துப் பெஞ்சில் வைத்தார். வெளி ஏடு போர்வெல் தண்ணீர் மண்ணில் செங்கல் நிறம், அடுத்தது வெளிறிய மஞ்சள், நடுவில் பால் வெள்ளை. ஒரு துணுக்கைப் பிய்த்து விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கிராமுக்கு முன்னூத்தம்பது கிலோமீட்டர்ன்னியே, இதுல ஒரு முனையாவது காட்டு பாக்கலாம்."

இரண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தேடினோம்.