கொரில்லாவைப் பார்க்கக் கிளம்பும் முன்: மஞ்சள் காய்ச்சல் ஊசியிலிருந்து முகக்கவசம் வரை

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டவருக்கான பெர்மிட் 2024 ஜூலை முதல் 800 டாலர். ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் 1,500 டாலர். இந்தப் பணத்துக்குக் கிடைப்பது கொரில்லாக் கூட்டத்தோடு ஒரு மணி நேரம். அது கைநழுவிப் போக, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து ஒட்டிக்கொண்ட சளி போதும். காலையில் பூங்கா அலுவலகத்தில் இருமலும் மூக்கொழுகலுமாக நிற்பவரை வனக்காவலர்கள் மலையேற விடமாட்டார்கள். விடவும் கூடாது.

ஆலோசனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "கொரில்லா தாக்குமா, டாக்டர்?" என்றுதான். மனிதரைப் பார்த்துப் பழகிய கூட்டங்களிடம்தான் அழைத்துப் போவார்கள். அவை ஆளைத் தாக்குவது மிக அரிது. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. 2009இல் ருவாண்டாவில் ஒரு கூட்டத்தில் சுவாசத் தொற்று பரவியபோது இறந்த இரண்டு கொரில்லாக்களின் உடலில் மனித மெட்டாநிமோ வைரஸ் கண்டறியப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு நாள் சளியாக வந்து போகிற கிருமி அது. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் ஐந்து சிம்பன்சிகளைக் கொன்றது ரைனோ வைரஸ் சி, அதாவது சாதாரண ஜலதோஷம். 1996இல் பிவிண்டியில் ஒரு கூட்டத்துக்கே சிரங்கு பரவி ஒரு குட்டி இறந்தது. அதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, கொரில்லாவைக் காக்க வேண்டுமானால் காட்டோரத்து மக்களின் உடல்நலத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று 2003இல் அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். கடைசிக் கணக்கெடுப்புகளின்படி உலகில் உள்ள மலைக் கொரில்லாக்கள் மொத்தம் 1,063. ஒரு கூட்டத்தில் பத்து இறந்தால் அது பெரிய இழப்பு.

எனவே தயாரிப்பு உங்கள் மூக்கிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் தொடங்கட்டும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகும். தட்டம்மைக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்காமல் கிளம்பாதீர்கள். காசநோய் நம் நாட்டில் எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. குரங்கினங்களுக்கும் அது தொற்றும். விமான நிலையத்திலும் விமானத்திலும் என்95 முகக்கவசம் அணியுங்கள். தரையிறங்கிய மறுநாளே மலையேற்றம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால், தொற்று ஏதாவது இருந்தாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. காலையில் உடம்பு சுடுகிறது. ஒரு பாராசிட்டமால் போட்டால் வெப்பமானியில் ஒன்றும் காட்டாது. இருமலுக்கு ஒரு மிட்டாய். கட்டிய பணத்தை நினைத்துச் செய்வது புரிகிறது, ஆனாலும் இதற்குச் சாக்கு கிடையாது. உடல்நிலை சரியில்லை என்று நீங்களாகவே சொன்னால் பணத்தில் எவ்வளவு திரும்பும், வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்பதை முன்பதிவு செய்யும்போதே பயண நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால் உண்மையைச் சொல்லும் துணிவு தானாக வரும். வயிற்றுப்போக்கும் உதட்டோரக் கொப்புளமும்கூடச் சொல்ல வேண்டியவைதான்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அதன் சான்று கட்டாயம். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது இந்தியா அதைக் கேட்கும். சான்று இல்லாமல் நோய்ப் பகுதியிலிருந்து வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஊசியைத் தேடி ஓடுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் பத்து நாள் கணக்கில்தான். எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தவறு. அரசு அங்கீகரித்த மையம் தரும் மஞ்சள் அட்டை மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் போடுகின்றன. கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போட வேண்டும் என்பதால் குறித்த நாட்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். அட்டையில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், ஸ்டீராய்டோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு மருந்தோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 60 வயதைக் கடந்து முதல்முறை போடுபவர்களுக்கு அரிதாகக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். பணி ஓய்வு பெற்ற கையோடு ஆப்பிரிக்கா போகத் திட்டமிடுபவர்கள் நிறைய. பெர்மிட்டுக்குப் பணம் கட்டும் முன்பே இந்தக் கேள்வியை முடித்துவிடுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) போன்ற மற்ற உயிருள்ள ஊசியும் தேவைப்பட்டால் ஒரே நாளில் போடலாம்; இல்லையென்றால் நான்கு வாரம் தள்ளிப் போட வேண்டும்.

மலேரியாவைப் பற்றி ஓர் அலட்சியம் இருக்கிறது: "மலை உச்சிக் குளிரில் கொசு ஏது?" பிவிண்டி 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை பரந்து கிடக்கிறது. உயரத்தில் ஆபத்து குறைவுதான். ஆனால் அங்கே போகும் வழியில், உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் என்டெபியிலோ குயின் எலிசபெத் பூங்காவிலோ ஓரிரவு தங்காமல் இருக்கமாட்டீர்கள். அங்கே பரவுவது பெரும்பாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தடுப்பு மருந்து டாக்சிசைக்ளின்: தினம் 100 மில்லிகிராம், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் வரை. வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. அடோவாகோன்-புரோகுவானில் கிடைத்தால் வசதி; திரும்பிய பின் ஏழு நாள் போதும். ஊர் வந்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி இரத்தத்துக்கு வரும் நாட்கள் அவை.

இனிக் காகித வேலை. முதலில் பெர்மிட், பிறகு விமானச் சீட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைந்த காலம், ஆகவே பயணிகள் வரத்தும் அதிகம். பெர்மிட் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர்தான், குறைந்தபட்ச வயது 15. பிவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு பகுதிகள். பெர்மிட் குறிப்பிட்ட பகுதிக்கானது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று ருஷாகா பெர்மிட்டுக்குப் புஹோமாவில் அறை எடுத்தவர்கள், விடியும் முன் மலைப்பாதையில் மணிக்கணக்கில் குலுங்கிக்கொண்டு போக நேரும். என்டெபியிலிருந்து பிவிண்டிக்குச் சாலை வழியாக ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ருஷாகாவுக்கு, ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டிப் போவது அதைவிடக் குறைவான தூரம். அப்படிப் போவதானால் உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்த கிழக்கு ஆப்பிரிக்க விசா 100 டாலர், 90 நாள்; முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

டாலர் தாள்கள் 2009க்குப் பின் அச்சானவையாக, கிழிசலும் கிறுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். பழைய தாளை உகாண்டாவில் வாங்க மறுப்பார்கள். ருவாண்டாவுக்குள் பாலிதீன் பை கொண்டுபோகக் கூடாது. 2008 முதல் தடை.

நடக்கும் நேரத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது. தேடுநர்கள் அதிகாலையில் முதல்நாள் இரவுக் கூடுகளிலிருந்து தடம் பிடித்து, வாக்கி டாக்கியில் வழிகாட்டிக்குச் சொல்வார்கள். அரை மணியில் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு, ஆறேழு மணி நேரம் சரிவுகளில் ஏறி இறங்கியவர்களும் உண்டு. கடற்கரையில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பது இதற்குப் போதாது, அது சமதரை. மூன்று மாதம் முன்பிருந்தே படியேறிப் பழகுங்கள், வாரம் ஒருமுறை முதுகுப் பையில் ஐந்து கிலோ சுமையோடு. ஏறுவதை மட்டும் பழகாதீர்கள், ஈரச் சேற்றில் இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். முழங்கால் தேய்மானமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் பதிவின்போதே சுலபமான கூட்டத்தைக் கேளுங்கள்; முடிந்தவரை ஒதுக்கித் தருவார்கள். முடியாதவர்களை நாற்காலிப் பல்லக்கில் தூக்கிச் செல்லவும் ஆள் உண்டு, கட்டணம் சில நூறு டாலர். உள்ளூரில் அதற்குப் பெயர் 'ஹெலிகாப்டர்'!

போர்ட்டர் ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 15, 20 டாலர்தான். பை சுமப்பது மட்டுமல்ல, வழுக்கும் இடத்தில் கை கொடுப்பதும் அவர்தான். காட்டோரத்துக் குடும்பத்துக்குக் கொரில்லா உயிரோடு இருப்பதால் கிடைக்கும் நேரடி வருமானம் அது.

உடை விஷயத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தவர்கள் இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைத்தே கிளம்புவார்கள். இங்கே கவலை படையெறும்பும் காஞ்சொறியும். பேன்ட் விளிம்பை நீளமான காலுறைக்குள் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு தொடை வரை ஏறும். கைக்குத் தோட்ட வேலைக்கான கனத்த கையுறை. சரிவில் பிடித்து ஏற நீட்டும் கை முதலில் பற்றுவது காஞ்சொறியைத்தான். முழுக்கைச் சட்டை, மழைச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர், மதிய உணவு. ஷூ புதிதாக இருக்கக் கூடாது. முகக்கவசம் மூன்று நான்கு வேண்டும். வியர்வையிலும் மழையிலும் நனைந்தது பயன்படாது.

கொரில்லாவை நெருங்கியதும் பையையும் கைத்தடியையும் போர்ட்டரிடம் விட்டு, முகக்கவசம் அணிய வேண்டும். குறைந்தபட்ச தூரம் 10 மீட்டர். கொரோனாவுக்கு முன் 7 ஆக இருந்தது. பிவிண்டியில் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், கவனித்த பயணங்களில் 98 விழுக்காட்டில் அந்த 7 மீட்டரே மீறப்பட்டிருந்தது. குட்டிகள் தாமாக வருவதும் உண்டு. அப்போது கை நீட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். டிப்ஸ் எதிர்பார்க்கும் மனிதர் மறுக்கத் தயங்குவார். தலைமை ஆண் மார்பில் அறைந்து பாய்ந்து வந்தால் ஓடாமல் குனிந்து, கண்ணைப் பார்க்காமல் இருங்கள். பெரும்பாலும் அது மிரட்டல். தும்மல் வந்தால் முகக்கவசத்தைக் கழற்றாமல் திரும்பி முழங்கைக்குள் தும்முங்கள். அங்கே தின்பதும் துப்புவதும் கூடாது. காட்டுக்குள் மலம் கழிக்க நேர்ந்தால் வழிகாட்டியிடம் சொன்னால் 30 சென்டிமீட்டர் குழி தோண்டித் தருவார், மூடிவிட வேண்டும். கேமராவில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600க்கு மேல் வையுங்கள். கரிய ரோமத்தைப் பார்த்துக் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சம் கூட்டும். அதை ஒரு படி குறைத்தால் முகம் தெளியும்.

குயின் எலிசபெத் பூங்காப் பக்கம் போனால் வௌவால் குகைகளுக்குள் நுழையாதீர்கள். 2008இல் அங்குள்ள பைத்தான் குகைக்குப் போய்வந்த டச்சுப் பெண் ஒருவர், வௌவால்களிடமிருந்து தொற்றும், எபோலா வகையைச் சேர்ந்த மார்பர்க் வைரஸால் இறந்தார்.

ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது மழைக்காலமானாலும் டெங்கு சீசனானாலும், அன்றைக்கே மலேரியா இரத்தப் பரிசோதனை. தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் இது பொருந்தும். முதல் பரிசோதனையில் இல்லையென்று வந்து காய்ச்சலும் விடாவிட்டால் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.