நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்காதீர்கள்

ரிசல்ட் வந்த கையோடு புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பள்ளி வாசல்களில் ஃபிளெக்ஸ் ஏறிவிடுகிறது. அதில் சிரித்தபடி நிற்கும் பிள்ளைகளில் சிலர் ஓரிரு வருடத்தில் கவுன்சலிங்குக்கு வருகிறார்கள். "நல்லா படிச்ச புள்ளைங்க, திடீர்னு மார்க் குறைஞ்சிடுச்சு" என்பார்கள் பெற்றோர். விசாரித்தால், தூக்கம் கெட்டே பல மாதம் ஆகியிருக்கும். பரீட்சையன்று காலையில் வயிற்றுவலி எட்டாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கும். மார்க் விழும்வரை யாருக்கும் அது கண்ணில் படவில்லை. இந்த வருடமும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன்.

மூளை வேகமாக ஓடினால் மனசும் அதே அளவு முதிர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். தவறு. பத்து வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்புக் கணக்கைப் போடலாம். தம்பி பென்சில் பாக்ஸை எடுத்தால் பத்து வயதுப் பிள்ளையாகத்தான் அழும். "இவ்ளோ அறிவு இருக்கு, இதுக்கா அழுவே?" என்று கேட்டால், அடுத்த முறை அழுகையை உங்களிடமிருந்து மறைக்கக் கற்றுக்கொள்ளும். வயதை மீறிய அறிவுத்திறனை மீத்திறன் என்கிறோம். 1991-ல் அமெரிக்காவில் கூடிய, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரும் வல்லுநர்களும் அடங்கிய கொலம்பஸ் குழு, அறிவும் உணர்வும் உடலும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதையே மீத்திறனின் இலக்கணமாக வைத்தது. வகுப்பில் 'மீத்திறன் மாணவர்' என்று பட்டியல் எழுதும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுப்பாட நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே வரியை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருக்கிறதா? ஓர் அடித்தல் விழுந்ததற்காகப் பக்கத்தையே கிழித்திருக்கிறதா? தெரிந்த கேள்விக்கும் விடை எழுதாமல் விட்டிருக்கிறதா? சோம்பல் என்று திட்டாதீர்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம் அது. பத்தாவதுவரை படிக்காமலே முதலாவதாக வந்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில்தான் முதன்முதலாகப் புரியாமல் திணறும். உட்கார்ந்து போராடிப் படிக்கும் பழக்கமே இல்லாததால், 'எனக்கு அறிவு போயிடுச்சு' என்று முடிவு கட்டிவிடும்.

இதில் நம் பாராட்டுக்கும் பங்குண்டு. முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அடுத்துச் சுலபமான கணக்கையே கேட்டார்கள். தோற்றபோது சீக்கிரம் துவண்டார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். எந்த வழியில் யோசித்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய் என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒன்றாவது சுலபத்தில் வராத வேலை கொடுங்கள், சதுரங்கமோ வீணையோ. அதற்கு மார்க் போடாதீர்கள்.

வகுப்பில் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும் மாணவனை உடனே 'ஏடிஹெச்டி' (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) என்று முத்திரை குத்துகிறார்கள். அந்த முடிவுக்கு வர, 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது தொல்லை தெரிய வேண்டும். பிடித்த விஷயத்தில் மணிக்கணக்காக உட்காருகிறான் என்பதை வைத்து ஏடிஹெச்டி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மீத்திறனும் வாசிப்புக் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருந்து, ஒன்று மற்றொன்றை மறைப்பதும் உண்டு. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் சோதியுங்கள். கிடைக்கும் ஐ.க்யூ. எண்ணைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறினால், பிடித்த பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுத்தால், 'நான் இல்லாட்டி நல்லது' என்றால் காத்திருக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. கடலூர்க்காரர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம்.

ஆலோசனைக்கு வரும்போது மார்க் ஷீட் ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த வீட்டுப்பாட நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னால், தயவுசெய்து உட்காருங்கள்.