லீவர் காலர்: மறதிக்குப் போடுற பூட்டு

பழைய ரயில்வே சிக்னல் கேபினுக்குள்ள ஏறுறவங்க எல்லாரும் சிக்னலையும் பாயிண்டையும் இயக்குற லீவரைத்தான் போட்டோ எடுக்கிறாங்க, சிவப்பு சிக்னலுக்கு, கருப்பு பாயிண்டுக்கு (வண்டியை ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்குத் திருப்புற தண்டவாளம்), நீலம் அந்த பாயிண்டைப் பூட்டுற லாக்குக்கு. ஆனா அசல் சூட்சுமம் லீவரெல்லாம் வரிசையா நிக்கிற ஃப்ரேமுக்கு அடியில இருக்கு, இரும்புப் பட்டைல வெட்டியிருக்கிற காடிங்கதான் ஒரு லீவரை இழுத்ததும் அதுக்கு எதிரான லீவரை அசையவிடாம பிடிச்சுக்கும், பாயிண்ட் சரியா விழாம சிக்னல் இறங்காது. இங்கிலாந்துல ஜான் சாக்ஸ்பி 1856ல இந்த வழிக்கு முதல் பேடன்ட் வாங்கினாரு, அங்க சட்டம் போட்டு கட்டாயமாக்குனது 1889ல அயர்லாந்துல நடந்த அர்மா ரயில் விபத்துக்கு அப்புறம்தான்.

புதுசா சார்ஜ் எடுக்கிற தம்பிங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். லைன்ல வண்டி நிக்குதாங்கிறது ட்ராக் சர்க்யூட் (தண்டவாளத்துல வண்டி இருக்கிறதை மின்சாரம் மூலமா கண்டுபிடிக்கிற ஏற்பாடு) இல்லாத ஃப்ரேமுக்குத் தெரியாது, அது உங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அதுக்குத்தான் லீவர் காலர், ஒரு இரும்பு வளையம், லீவர் தலைல மாட்டிட்டா, லீவரை விடுவிக்கிற கேட்ச் ஹேண்டிலை அழுத்தவே முடியாது.

1915 மே 22, ஸ்காட்லாந்து குவின்டின்ஷில் கேபின். வண்டி ஒதுங்கி நிக்கிற லூப் லைன் ரெண்டும் கூட்ஸுக்குப் போனதால லோக்கல் வண்டியை எதிர்ப்பக்க மெயின் லைன்ல ஒதுக்கி வச்சாங்க. காலை ஷிப்ட் ஆளு டின்ஸ்லி லேட்டா வந்து இறங்குனதே அந்த லோக்கல்லதான்! லேட்டா வந்தது தெரியக்கூடாதுன்னு, நைட் ஷிப்ட் மீக்கின் துண்டுப் பேப்பர்ல குறிச்சு வச்சதை ரிஜிஸ்டர்ல தன் கையெழுத்துல காப்பி பண்ணிக்கிட்டு இருந்தாரு, காலர் மாட்டலை, கேபினுக்கு வெளிய நின்ன வண்டியை மறந்துட்டு ராணுவ ஸ்பெஷலுக்கு லைன் கொடுத்துட்டாரு. லோக்கல்ல மோதி சிதறுன வண்டி மேல ஒரு நிமிஷத்துல எதிர்ல வந்த எக்ஸ்பிரஸும் ஏறிருச்சு. மரப் பெட்டி, கேஸ் விளக்கு, தீ அடங்கவே இல்ல. இருநூறு பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் போருக்குக் கிளம்பின சிப்பாய்ங்க. ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க.

லோக்கலோட ஃபயர்மேன் விதிப்படி கேபினுக்கு வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டாரு, காலர் மாட்டியிருக்கான்னு மட்டும் பாக்கலை. எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

கேபின் போய், லீவருக்குப் பதிலா பட்டன் வச்ச பேனல் வந்தாச்சு, இருந்தாலும் பட்டன் மேல மாட்டுற கேப் நம்ம மேஜைல இன்னும் இருக்கு. லைன் பிளாக்கோ (வேலைக்காக லைனை மூடுறது) பவர் பிளாக்கோ (மேல் கம்பி மின்சாரத்தை நிறுத்துறது) கொடுத்த அடுத்த நொடி அதை மாட்டுங்க, போன் அடிச்சா அடிக்கட்டும். சார்ஜ் மாத்தும்போது எதெதுல கேப் இருக்குன்னு டைரில எழுதி, ரெண்டு பேரும் பேனல் முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.