தொட்டபெட்டா ஏற்றத்தில் ஹார்மோன்கள்

விடியற்காலையில் ஊட்டி சேரிங்கிராஸிலிருந்து தொட்டபெட்டா நோக்கி ஓடத் தொடங்குபவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சு புகையாக வெளிவரும், நெஞ்சு படபடக்கும். ஏற்றம் மட்டும் காரணமன்று. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிவிட்டது. அந்த அட்ரினலினும், உடலை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகளும் சேர்ந்து கணையத்தை அடக்கி, இன்சுலின் சுரப்பைக் குறைக்கின்றன. சர்க்கரை மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் இன்சுலின் குறைவது முரணாகத் தோன்றலாம். ஆனால் உழைக்கும் தசை இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலினும் உயர்ந்திருந்தால் ஓய்விலிருக்கும் திசுக்களும் பங்குக்கு வந்து, மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகும். ஊசி மூலம் இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சரிவது இதனால்தான்: உள்ளே போன மருந்தைக் குறைக்க உடலுக்கு வழியில்லை. இயல்பான உடலில் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற கணைய ஹார்மோன் ஏற, கல்லீரல் தன்னிடமுள்ள ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜனை, அதாவது சேமித்த சர்க்கரையை, உடைத்து இரத்தத்தில் விடுகிறது. ஓட்டம் நீள நீள, மன அழுத்த ஹார்மோன் எனப்படும் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கொழுப்பைக் கரைக்கத் துணை வருகின்றன. கார்ட்டிசாலைப் பகையாகவே சித்திரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது இல்லாமல் நெடுந்தூர ஓட்டமே இல்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் சென்னையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆக்ஸிஜன் குறைவதைச் செல்கள் எவ்வாறு உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காகவே வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. குறைவை உணர்ந்த சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கத் தொடங்குகிறது. ஹார்மோன் ஓரிரு நாளில் உயர்ந்துவிடும். பலன் தெரிய மூன்று நான்கு வாரங்களாகும். சனி, ஞாயிறு ஓடிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்குபவருக்கு மலைக்காற்றும் கால்வலியுமே மிச்சம்.

தங்கிப் பயிற்சி செய்பவருக்கும் ஹார்மோன் தருவது கட்டளை மட்டுமே. சரக்கு தட்டிலிருந்து வர வேண்டும். இரும்புச்சத்து இல்லாமல் ஹீமோகுளோபின் உயராது. ஓடி முடித்தவர்கள் கடை வாசலில் வர்க்கியோடு குடிக்கும் தேநீரைப் பற்றி இங்கே சொல்ல மனம் வரவில்லை என்றாலும், அதிலுள்ள டானின்கள் தாவர உணவின் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது உண்மை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதபோது, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது. அதைக் கண்ட ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி இனப்பெருக்க ஹார்மோன்களுக்கான தூண்டலைச் சுருக்கிவிடுகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகும். கடும் பயிற்சியில் அதெல்லாம் சகஜம் என்று மைதானத்தில் சொல்வோர் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வலுவிழந்திருப்பது, இறக்கத்தில் ஓடும் ஒரு நாள் முன்னங்காலெலும்பில் நுண்முறிவு விழும்வரை பலருக்கும் தெரிவதில்லை.