“சர்க்கரை மரபணு” கரும்புக் கரணை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

நேற்று ஒருவர் நீளவாக்கில் பிளந்த கரும்போடு வந்தார். உள்ளே சிவந்திருந்தது, குறுக்கே வெள்ளைத் திட்டுகள், முகர்ந்தால் புளித்த சாராய வாடை. செவ்வழுகல் நோய். “மரபணு மாற்றின கரும்பு, சர்க்கரை ரெண்டு மடங்குன்னு சொல்லித்தான் சார் கரணை கொடுத்தாங்க” என்றார். கரணை என்பது நடுவதற்காக வெட்டிய கரும்புத் துண்டு. இந்தப் பருவத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். ஆத்திரமாக வருகிறது.

எத்தனை முறை சொன்னாலும் புது ரகம் எல்லாம் மரபணு மாற்றம் என்றே நினைக்கிறார்கள். இன்று வயலில் நிற்கும் கரும்பு ஏறக்குறைய எல்லாமே கலப்பினம். கோயம்புத்தூரில் உருவாகி 1918-இல் வெளிவந்த கோ 205 ரகம், இனிப்புக் கரும்பையும் நாணலையும் கலந்து பிறந்தது. பூவில் மகரந்தம் சேர்த்து, முளைத்த நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் வடிகட்டி எடுப்பது அந்த வேலை. வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் செல்லுக்குள் செலுத்துவது முற்றிலும் வேறு. அப்படிச் செய்த கரும்புகளும் உண்டு. இந்தோனேசியா 2013-இல் அனுமதித்தது வறட்சி தாங்க, பிரேசில் 2017-இல் அனுமதித்தது தண்டுத் துளைப்பானைத் தடுக்க. இரண்டுமே சர்க்கரையைக் கூட்ட வந்தவை அல்ல. 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரிய மரபணுவைச் சேர்த்து, கண்ணாடிக்கூடச் செடிகளில் மொத்தச் சர்க்கரையை இரு மடங்கு வரை ஏற்றிக் காட்டினார்கள். கண்ணாடிக்கூடத்தில் கிடைத்தது வயலிலும் கிடைத்தே தீரும் என்று இல்லை. கரும்பில் ஒவ்வொரு மரபணுவுக்கும் பல பிரதிகள் இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் எல்லாம் வழிக்கு வந்துவிடாது.

அப்புறம் சாற்றை அளந்து எண் காட்டும் அந்தப் பிரிக்ஸ் மானி வித்தை. அடிக்கணுச் சாற்றை விட்டு “22 பாருங்கள்” என்பார்கள். முற்றாத கரும்பிலும் அடிக்கணு இனிக்கும். நடுக்கணு, நுனிக்கணுச் சாற்றையும் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, பிரிக்ஸ் என்பது சாற்றில் கரைந்த எல்லாவற்றின் அளவு, சர்க்கரை மட்டும் இல்லை.

கரணை வாங்கும்போது எந்த விதைப் பண்ணையில் வெட்டியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். வெட்டுமுனை சிவந்த கரணையை ஒன்றுகூட நடாதீர்கள். மருந்தில் நனைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவேண்டாம், உள்ளே ஊறிய செவ்வழுகலை அது எட்டாது.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? நோய் கண்ட தூர்களை வேரோடு தோண்டி எரியுங்கள். தயவுசெய்து அந்த வயலில் மறுதாம்பு விடாதீர்கள், அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி கரும்பு வளர விடாதீர்கள். அடுத்த போகத்துக்கு நெல் போடுங்கள், பக்கத்து வயல்காரருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் வயலில் வடியும் தண்ணீர் அவர் கரும்புக்கும் போகிறது.