தூர்ந்த அகழியைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ஏவ்பரி ஊருக்கு அருகே, புல் மூடிய தாழ்ந்த குன்று ஒன்று இருக்கிறது. பெயர் வின்ட்மில் ஹில். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அகழிகள், அவற்றை ஒட்டி மண்கரைகள். ஏறக்குறைய 5,700 ஆண்டுகளுக்கு முன், மான்கொம்பால் சீமைச்சுண்ணாம்புப் பாறையைக் குத்திப் பெயர்த்துத் தோண்டியவை. கொஞ்ச தூரம் தோண்டி, இடையில் நடைவழி விட்டு, மறுபடி தோண்டியிருக்கிறார்கள். காவல் அரணுக்கு இத்தனை வாசல் ஆகாது. அகழிக்குள் கிடைத்தவையும் மாட்டெலும்பும் உடைந்த பானையுமே அதிகம். மக்கள் கூடி விருந்துண்ட இடம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் 1925 முதல் 1929 வரை இங்கே அகழாய்வு நடத்தினார்.

கண்ணில் படுவது கரைதான். ஆனால் அது மழையிலும் உழவிலும் கரைந்துகொண்டே போகும்; கரைந்த மண் போய்ச் சேரும் இடம் அகழி. ஆகவே அகழி தூர்ந்த கதைதான் முக்கியம். அதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே 1960இல் அதே வட்டாரத்தில், ஓவர்டன் டவுனில், புதிதாக ஒரு கரையும் அகழியும் அமைத்தார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் குறுக்கே வெட்டிப் பார்ப்பது என்று திட்டம். தெரியவந்தது இது: முதல் குளிர்காலத்திலேயே உறைபனி பக்கச்சுவரைப் பிளந்து கட்டிகளை உதிர்க்கிறது. விளிம்பில் தொங்கும் புல்கரணும் பிய்ந்து விழுகிறது. அடிப்பகுதி சில பத்தாண்டுகளுக்குள் தூர்ந்து, சரிவில் புல் பிடித்ததும் வேகம் அடங்குகிறது. அதன்மேல் நுண்மண் நூற்றாண்டுக் கணக்கில் மெல்லப் படியும். எல்லாவற்றுக்கும் மேலே உழவு மண்.

இத்தகைய அகழியை ஆய்வுக்காகத் தோண்டுவதற்கு முன், காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியால் நிலத்தை அளக்க வேண்டும். தூர்மண்ணின் காந்தத்தன்மை சுண்ணாம்புப் பாறையுடையதைவிட அதிகம். வேறுபாடு சில நானோடெஸ்லாதான் (காந்தப்புலத்தின் மிகச் சிறிய அலகு). புவியின் புலமோ அங்கே 48,000 நானோடெஸ்லாவுக்கும் மேல். ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து, கால் மீட்டருக்கு ஒரு அளவீடு எடுப்பது வழக்கம். அளப்பவரின் இடுப்பு வாரில் இரும்புக் கொக்கி இருந்தால் அளவு முழுவதும் கெட்டுவிடும்.

அகழிக்குக் குறுக்காக, இரண்டு மீட்டர் அகலத்தில் குழி போடலாம். கடைசியாகப் படிந்த அடுக்கை முதலில் எடுக்க வேண்டும், அதுவும் அந்த அடுக்கின் சாய்வை அனுசரித்து. சமமாக 20 செ.மீ., 20 செ.மீ. என்று சீவினால், நடுவில் தொங்கலாக வளைந்து கிடக்கும் அடுக்குகள் குறுக்கே அறுபட்டு, வெவ்வேறு காலப் பொருள்கள் ஒரே பையில் கலந்துவிடும். அந்தத் தவறைப் பிறகு திருத்தவே முடியாது.

இன்னொரு பிழை, அடி வருமுன்பே நிறுத்திவிடுவது. முதலில் சரிந்து விழுந்து இறுகிப்போன மண், பார்வைக்குப் பாறைபோலவே வெள்ளையாக இருக்கும். கரணையால் சுரண்டிப் பாருங்கள். கட்டிகள் தாறுமாறாகச் சாய்ந்து, இடையில் பொந்துகள் தெரிந்தால் அது தூர்மண். பாறை அடுக்கடுக்காகப் படிந்ததைக் காட்டும் படுகைக் கோடுகள் குலையாமல் ஓடினால்தான் பாறை.

கரைக்கு அடியில் புதைந்த பழைய நிலமேற்பரப்பையும் விடக்கூடாது. சுண்ணாம்பு மண்ணில் மகரந்தம் நன்றாகத் தங்காது, ஆனால் நத்தை ஓடு தங்கும். ஒன்றிரண்டு கிலோ மண்ணை அரை மில்லிமீட்டர் சல்லடையில் கழுவி, ஓடுகளை இனவாரியாக எண்ணினால், கரை எழுந்தபோது அங்கே இருந்தது காடா, வெட்டவெளியா என்பது தெரியும்.

கரி, எலும்பு போன்றவற்றில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனைக் கொண்டு வயது அறியும் கார்பன் காலக்கணிப்புக்கு எதை அனுப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஓக் மரத்தின் வைரப்பகுதிக் கரி, அகழியைவிட நூற்றாண்டுகள் மூத்ததாக இருக்கலாம். உதிரி எலும்பு வேறெங்கோ கிடந்து பிறகு விழுந்திருக்கலாம். மூட்டு பிரியாமல் கிடக்கும் எலும்புகள் நம்பத்தக்கவை. தசைநார் அழுகுமுன் மண் மூடினால்தான் அவை அப்படிக் கிடக்கும். தோண்டியவர்கள் அகழியின் அடியில் விட்டுப்போன மான்கொம்புக் கருவியும் நல்ல சான்று. இத்தகைய மாதிரிகளின் முடிவுகளை, எது கீழடுக்கு எது மேலடுக்கு என்ற வரிசையோடு சேர்த்துப் பேயஸ் புள்ளியியலில் (முன்பே தெரிந்ததையும் புதிய அளவீட்டையும் இணைத்துக் கணிக்கும் முறை) கணக்கிட்டபோது, வின்ட்மில் ஹில் அகழிகள் கி.மு. 37ஆம் நூற்றாண்டில், சில தலைமுறைக்குள் தோண்டப்பட்டவை எனத் தெரிந்தது.