அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பி.ஆர்க் சேர: 7.5% ஒதுக்கீடும் அதற்கு முன்னால் நிற்கும் நாட்டா தேர்வும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு என்றதும் எல்லோருக்கும் மருத்துவமும் பொறியியலும்தான் நினைவுக்கு வரும். ஐந்து வருடக் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கும் அது உண்டு. ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் அந்த வருடம் கைவிட்டுப் போய்விடும், ஏனென்றால் பி.ஆர்க்குக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது, நாட்டா என்ற நுழைவுத் தேர்வும் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் ஒதுக்கீடு யாருக்கு என்று பார்த்துவிடலாம். 2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத இடம். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கும் உண்டு; இதை விசாரிக்காமலே தனக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். இந்த இடங்கள் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் ஒதுக்கப்படுவதால் உங்கள் பிரிவில் இருப்பவர்களோடுதான் போட்டி. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். ஐந்து வருடப் படிப்பில் இது எவ்வளவு பெரிய பாரத்தைக் குறைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, நாட்டாவுக்கு வருவோம். மத்திய அரசின் ஆர்க்கிடெக்சர் கவுன்சில் நடத்தும் இந்தத் தேர்வுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் 80 வரைதலுக்கு, 120 கணினியில் எழுதும் பகுதிக்கு. வரைதல் பகுதியில் மூன்று கேள்விகள் வரும்: வண்ணத்தில் ஒரு அமைப்பு, பென்சிலில் ஒரு காட்சி, அப்புறம் அங்கேயே கொடுக்கும் பொருட்களை வைத்துக் கையால் ஒரு முப்பரிமாண உருவம் செய்ய வேண்டும். தனியார் பயிற்சி மையத்துக்குப் போன பிள்ளைகள் இதையெல்லாம் மாதக்கணக்கில் செய்து பழகியிருப்பார்கள். ஓவிய ஆசிரியரே இல்லாத பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இதுதான் முதல் தடவை. எனக்கு இந்தத் திட்டத்தில் இருக்கும் ஒரே பெரிய வருத்தம் இதுதான்: இடத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது, அந்த இடம் வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர ஒரு வழி வேண்டும். அதனால் பதினொன்றாம் வகுப்பிலேயே தினமும் அரை மணி நேரம் வரையத் தொடங்குங்கள். பஸ் ஸ்டாண்டு, வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம் என்று கண்ணுக்குப் படுவதை வரைந்தாலே கை திருந்தும். நாட்டாவை ஒரே வருடத்தில் ஒரு முறைக்கு மேலும் எழுதலாம், அதில் சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம்.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கு மாற்றி, நாட்டாவின் 200-ஐயும் கூட்டி 400-க்குத் தரவரிசை போடுவார்கள். பி.இ. விண்ணப்பம் வேறு, பி.ஆர்க் விண்ணப்பம் வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம், ஆகவே பத்தாவது முடித்து குரூப் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். திருச்சி என்ஐடி மாதிரி மத்திய நிறுவனங்களுக்கு நாட்டா செல்லாது, ஜேஇஇ மெயின் தேர்வின் கட்டடக்கலைத் தாளை எழுத வேண்டும். அங்கே இந்த 7.5 சதவீதமும் கிடையாது.

ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தாலும் உதவிகள் இருக்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கிடையாது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பி.ஆர்க்கில் வரைபடத் தாள், மாடல் செய்யும் அட்டை, பிரிண்ட் என்று செமஸ்டர் முழுக்கச் செலவு இருக்கும், அதற்கு இந்த ஆயிரம் நிஜமாகவே உதவும்.

பசுமைக் கட்டடம், நிலைத்த வடிவமைப்பு என்ற பெயரில் வரும் புதுப் படிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் துறையில் ஆசை இருந்தாலும் முதல் பட்டமாக பி.ஆர்க்கையே எடுங்கள் என்பேன். 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்டீரியர் டிசைன் மாதிரி வேறு பட்டத்தை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது. வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழும், மேற்கில் எவ்வளவு ஜன்னல் வைக்கலாம், காற்று எப்படிக் குறுக்கே ஓடும் என்பதெல்லாம் பி.ஆர்க்கிலேயே பாடம்தான். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த 2018-ம் வருட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில், வீட்டின் வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் இனி நிறையத் தேவைப்படுவார்கள். இன்னும் ஆழமாகப் போக எம்.ஆர்க் என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆர்க்கிடெக்சர் கவுன்சில் இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். ஆறாவதிலிருந்து படித்ததற்கான போனஃபைடு சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு தடவை போய்வர வேண்டியிருக்கும்.